பின்னேரத் தேத்தண்ணிக் கதிரை: வன்னி வளவொன்றில் அதன் ஆண்டுச் சுற்று

பத்தடி உயரச் சுவர் ஒன்று ஆனி மாதத்தில், பின்னேரம் நாலு மணிக்கு, கிளிநொச்சி மண்ணில் ஏறத்தாழ 15 அடிக்கு நிழல் விழுத்தும். மார்கழியில் அதே சுவர், அதே நேரம், 22 அடி. ஆனி நிழல் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மார்கழி நிழல் வடக்குப் பக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவே 50 பாகைக்குச் சற்றுக் கூடிய வீச்சு. இந்த வீச்சுக்குள் எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் ஒரு மனிசர், அவர் கையில் ஒரு சில்வர் பேணி, பேணிக்குள் தேத்தண்ணி. இந்தத் தொகுதி ஆண்டு முழுக்க வளவுக்குள் எப்படி நகர்கிறது, எந்த விசைகள் அதை நகர்த்துகின்றன என்பவையே இவ்வாய்வின் பொருள்.

தேநீர் பற்றி உலகம் யோசிக்காமல் விட்டதில்லை. ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் லண்டன் பத்திரிகையொன்றில் நல்ல தேநீருக்கு 11 விதிகள் வகுத்தார். இந்தியத் தேயிலை அல்லது இலங்கைத் தேயிலைதான் என்று முதல் விதியிலேயே தீர்ப்பும் சொன்னார். 1980இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரம், 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறவேண்டும் என்றது. அதே விடயத்தில் ஆறு பக்கத் தரக்குறிப்பு எழுதிய பிரித்தானிய நியமங்கள் நிறுவனத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது, அதுவும் இலக்கியத்துக்கு. அந்த வருடம் பௌதிகவியல் பரிசைப் பங்கிட்டவர்களில் ஒருவர், பிஸ்கட்டைத் தேநீரில் எவ்வளவு நேரம் தோய்க்கலாம் என்று சமன்பாடு போட்ட லென் ஃபிஷர். விதியும் தரமும் சமன்பாடும் இருக்கின்றன. குடிக்கிறவர் எங்கே கதிரை போடவேண்டும் என்பதுதான் இல்லை.

உள்ளூர் இலக்கியத்துக்கு வந்தால், ஜே.பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைநூல் இருக்கிறது. அவரிடம் கதிரை விடயத்தில் உதவி கேட்பது நியாயமில்லை. ஒரே அச்சில் ஊற்றி எடுக்கும் பிளாஸ்டிக் கதிரையை ஹென்றி மசொனே என்ற பிரெஞ்சுக்காரர் 1972இல் சந்தைக்கு விட்ட பிறகுதானே இந்தத் துறையே பிறக்கிறது. மரக்கதிரை நகராது. சாய்மனைக் கதிரையை நகர்த்த ஆள் வேண்டும். ஒரு கையில் பேணியோடு மறு கையால் தூக்கிப் போடக்கூடிய கதிரை வந்த பின்புதான் நிழலைத் துரத்துவது தனிமனித முயற்சியாயிற்று.

ஆய்வுக் காலமாக 2010க்குப் பிந்திய ஆண்டுகளை மட்டுமே எடுத்திருக்கிறோம். அதற்கு முன்பும் வன்னியில் கதிரைகள் நகர்ந்தன. உழவு இயந்திரப் பெட்டியில், அடுப்புக்கும் மெத்தைக்கும் மேலே, கால்கள் வானம் பார்க்கக் கட்டப்பட்டு வெகுதூரம் நகர்ந்தன. ஆனால் அந்த நகர்வைத் தீர்மானித்தது சூரியன் அல்ல என்பதால் அத்தரவுகளை விலக்கிவிட்டோம்.

ஆண்டைச் சித்திரையில் தொடங்குவது மரபு. வானியலும் அதற்கு ஒத்துவருகிறது. வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் நிற்கும். நடுப்பகலில் ஆளின் நிழல் காலுக்குள் ஒடுங்கிவிடும். பின்னேரம் வீட்டு நிழல் கிழக்கே நேராக நீளும். கதிரையை அங்கே போட்டால் என்ன? போடலாம். ஆனால் பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்துச் சுவர் நாலு மணிக்குத்தான் அதைத் திருப்பித் தரத் தொடங்கும். ஆகவே சித்திரையில் கதிரை சுவரைக் கைவிட்டு மாமரத்தடிக்குப் போகிறது. அங்கே முசுறு.

முசுறு தன் குஞ்சுப் புழுவின் நூலால் மாவிலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பெறும்பு. கதிரைக்கு நேர் மேலே கூடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் இருக்கவேண்டும். பார்த்து இருந்தாலும் காற்றடித்தால் ஒன்று பேணிக்குள் விழும். விழுந்தது உடனே சாகாது. மேற்பரப்பில் வட்டமடிக்கும். விரல் விட்டால் விரலைக் கடித்து, கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும். மாவிலைக் காம்பால் ஏந்தி எடுப்பதே முறை. எடுத்த பின் தேத்தண்ணியை ஊற்றுவதா, குடிப்பதா என்பதில் ஆய்வாளர்கள் பிளவுபட்டுள்ளனர். குடித்த தரப்பு இன்னும் உயிரோடிருக்கிறது.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை கதிரை காலியாகக் கிடக்கும். சனம் எல்லாம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போயிருக்கும். உப்புநீரில் விளக்கெரியும் இடத்தில் தேத்தண்ணிக்கு யாரும் விஞ்ஞானம் பேசுவதில்லை.

பிறகு சோளகம். ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்று மழையையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, எங்களுக்குப் புழுதியை மட்டும் கொண்டுவரும். பேணியின் விளிம்பில் செம்மண் ஒட்டும். ஆனால் இந்த இரண்டு மாதத்தில்தான் இயற்கை ஒரு சலுகை தருகிறது: நிழலும் கிழக்குப் பக்கம், காற்று மறைவும் கிழக்குப் பக்கம். வீடு ஒரே நேரத்தில் குடையாகவும் மதிலாகவும் நிற்கிறது. ஆண்டிலேயே கதிரை ஒரே இடத்தில் அதிக நாள் தங்குவது இப்போதுதான். அதன் நாலு காலும் மண்ணில் குழி பறித்திருக்கும். பாலைப்பழக் காலமும் இதுதான். பழம் தின்ற வாய்க்குத் தேத்தண்ணி கொடுத்து ஒரு பரிசோதனை நடந்தது. பழப்பாலில் உதடு ஒட்டிக்கொண்டதால் பரிசோதனைக்கு உட்பட்டவர் கருத்துச் சொல்லும் நிலையில் இருக்கவில்லை. ஆடிப்பிறப்பன்று பேணியில் கூழ். அன்றைய தரவு செல்லாது.

ஆவணியில் சூரியன் மறுபடி உச்சியைத் தாண்டித் தெற்கே போகும். கதிரையும் மெல்ல வடகிழக்கு மூலைக்கு நகரத் தொடங்கும். புரட்டாதி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வெக்கை என்பதைத் தவிர.

ஐப்பசியில் கொள்கை நெருக்கடி. வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொள்வதற்கு முன் வரும் இடிமழைக்குப் பின்னேரம்தான் நேரம். பகல் வெக்கை திரண்டு, முகில் கறுத்து, கேத்தில் கொதிக்கிற அதே பொழுதில் முதல் துளி விழும். கதிரை விறாந்தைக்கு ஓடும். மழை விட்ட கையோடு ஈசல். கார்த்திகை, மார்கழியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். நிழல் எங்கே விழும் என்று நாம் கணித்த அதே மூலைதான் இப்போது முழுக்க நனையும். நிழல் கோட்பாட்டின்படி அங்கே இருக்கவேண்டிய கதிரை நடைமுறையில் குசினி வாசலில் இருக்கும். கோட்பாட்டுக்குப் பாதிப்பில்லை, வெயிலே இல்லாதபோது நிழலைப் பற்றி அது வாக்குக் கொடுக்கவில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது சில வீடுகளில் கதிரை மேசைக்கு மேல் ஏறியது. நாம் அறிந்தவரை நிலைக்குத்தான நகர்வுக்கு இதுவே உதாரணம்.

தையும் மாசியும் கதிரையின் பொற்காலமாக இருந்திருக்கவேண்டும். மழை ஓய்ந்து, பனி விழுந்து, பின்னேர வெயில் உடம்புக்கு இதமாக இருக்கும். நிழலே தேவையில்லை, முற்றத்து நடுவில் எங்கேயும் போடலாம். ஆனால் முற்றம் காலியாக இராது. காலபோக நெல் வெட்டி வந்து, தறப்பாளில் பரவிக் காயும். கதிரை தறப்பாளின் ஓரத்துக்குத் தள்ளப்படும். அதில் இருப்பவர் கையில் பேணியோடு ஒரு நீட்டுத் தடியும் கொடுக்கப்படும். இந்த இரண்டு மாதமும் அவர் தேத்தண்ணி குடிப்பவராகக் கருதப்படுவதில்லை. கோழி கலைப்பவர், தேத்தண்ணி அவருக்குரிய கூலி. கோழிகள் இதைப் படித்துவிட்டன. பேணி வாய்க்குப் போகும் கணம் பார்த்து வேலியோரத்திலிருந்து புறப்படும், தடி உயர்ந்ததும் திரும்பும். பேணி ஏறும் வேகத்துக்கும் கோழி நடக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை யாராவது முறையாக அளந்தால் இன்னொரு இக் நோபல் இந்தப் பக்கம் வரக்கூடும்.

இவ்வளவு கணிதமும் தேவைதானா என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றரை மணிக்கே வீட்டு நாய் அன்றைய மிகச் சிறந்த இடத்தில் சுருண்டு கிடக்கிறது, அதை எழுப்பிவிட்டுக் கதிரையைப் போட்டால் போதாதா என்பது அவர்கள் வாதம். போதும்தான். ஆனால் நாய் தன் முடிவுக்குக் காரணம் காட்டுவதில்லை. ஆய்வு என்றால் காரணம் வேண்டும்.

இனிப் பேணிக்குள் இருப்பதைப் பார்ப்போம். வன்னியின் பல கிணறுகளில் நீர் கடினமானது. கேத்திலின் உட்புறம் வெள்ளை படியும், தேத்தண்ணி ஆறினால் மேலே பளபளவென்று ஆடை கட்டும். இந்த ஆடையை லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஸ்பைரோ, ஜகன்யி என்ற இருவர் ஆராய்ந்து 1993இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்கள். நீரிலுள்ள கல்சியமும் பைகாபனேற்றும் சேர்ந்து, தேயிலைச் சாயத்தை மேற்பரப்பில் ஒட்சியேற்றமடையச் செய்வதன் விளைவாம். அமிலம் சேர்த்தால் ஆடை வராது. கிணற்றடித் தேசியில் ஒரு காயைப் பிடுங்கிப் பிளேன் ரீக்குள் பிழிந்துவிடும் எங்கள் ஆச்சிமார் ‘நேச்சர்’ சஞ்சிகைக்குச் சந்தா கட்டியவர்களில்லை.

தேயிலை வன்னியில் விளையாது. ஆனால் அதன் கதையில் வன்னிக்குப் பங்குண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நடுவதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொள்ளைநோயில் செத்தவர்கள் ஏராளம். அவர்களின் வழித்தோன்றல்களில் பலர் 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையை விட்டு இறங்கி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். தருமபுரம் பக்கம் ஒரு வீட்டில் தேத்தண்ணி கிடைத்தால் வாயை மூடிக்கொண்டு குடியுங்கள். கடைத் தேயிலையை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, இது தூள், இது குப்பை என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

சீனி விடயத்தில் ஓர்வெல் பிடிவாதக்காரர்: போடவே கூடாது. வன்னி இதைப் பனங்கட்டியால் தீர்த்தது. 1990களின் பொருளாதாரத் தடை சீனியை அருமைப் பொருளாக்கியபோது வெறும் தேத்தண்ணியும் கடிக்கப் பனங்கட்டியும்தான் ஊர் வழக்கம். 2022இல் பால்மாவுக்கு வரிசை நின்ற காலத்திலும் அந்த வழக்கம் திரும்பி வந்தது. குட்டானிலிருந்து ஒரு துண்டு உடைத்துக் கடைவாயில் ஒதுக்கி, சூடான தேத்தண்ணியை அதன் மேலால் விடவேண்டும். பேணிக்குள் இனிப்பில்லை, ஆகவே ஓர்வெல்லுக்கு மனக்குறையில்லை. கட்டி முதலில் கரைந்து தேத்தண்ணி மிஞ்சுவதுதான் இந்த முறையின் ஒரே ஆபத்து.

மீதி இருப்பது வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பது. பின்னேர நிழல் எப்போதும் கிழக்கேதான். கிழக்கு வாசல் வீட்டில் அது முன் முற்றம். படலைக்கு நேரே கதிரை. தெருவால் போகும் ஒவ்வொருவரும் பேணியைக் காண்பார்கள்.

“என்னண்ணை, தேத்தண்ணியோ?”

“ஓம் தம்பி, வாரும், ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்.”

“இல்லையண்ணை, இப்பதான் குடிச்சனான்.”

“அது கிடக்கட்டும், வந்து இரும்.” பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “இஞ்சரப்பா, இன்னொரு தேத்தண்ணி!”

இரண்டாம் அழைப்பில் சைக்கிள் வேலியில் சாயும். கிழக்கு வாசல் வீடுகளில் சீனி முடியும் வேகம் வாஸ்து நூல்கள் கவனிக்காத ஒன்று. மேற்கு வாசல் வீட்டில் நிழல் பின் வளவில், குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே விழும். தெரு தெரியாது, விருந்தாளி இல்லை. ஆனால் அங்கே இருப்பவர் கையில் பேணி தந்த அடுத்த நிமிடம் தேங்காயும் திருவலையும் தரப்படும். சிலருக்கு முருங்கையிலை ஆயும் பொறுப்பு.

ஆய்வு செய்த ஒழுங்கையில் மேற்கு வாசல் வீட்டுக்காரர் ஒருவர் இந்த வித்தியாசத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கத் தன் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிர்வீட்டு முன் முற்றத்துக்கு வந்துவிடுகிறார். கதிரையின் முதுகில் வெள்ளைப் பெயின்ற்றில் மா.கி.அ.ச. என்று எழுதியிருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக் கதிரை எப்படி அவர் வீட்டுக்கு வந்தது என்று எதிர்வீட்டு அக்கா, அவர்தான் சங்கத்தின் பொருளாளர், ஒவ்வொரு நாளும் கேட்கிறார். கதிரைக்காரர் ஒவ்வொரு நாளும் சாயம் கொஞ்சம் கூட என்று மட்டும் சொல்லிவிட்டு, கதிரையை நிழலோடு சேர்த்துச் சற்று வடக்கே இழுத்துப் போடுகிறார்.