போனுக்குள் பனிமூட்டம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, காசு செலவழித்துப் பனிமூட்டம் பார்க்க ஏற்காடு வருகிறார்கள். எனக்கு அது ராத்திரியோடு ராத்திரியாகப் போனுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அப்டேட்டாம். எழுத்துக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பேரனின் மொட்டைத்தலை. மணி எது, மண்டை எது என்று தெரியவில்லை.

2025 செப்டம்பரில் ஆப்பிள் ஐபோனுக்குக் கண்ணாடி வேஷம் கட்டியது. படிக்க முடியவில்லை என்று பலர் முணுமுணுக்க, நவம்பரில் சாயம் ஏற்றிக்கொள்ள வழிவிட்டது. என் போன் வேறு கம்பெனி. ஜலதோஷம் மட்டும் தொற்றியிருக்கிறது, மருந்து வரவில்லை.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு, பணம் அனுப்பும் பொத்தானை எண்ணெய் விரலால் துழாவினேன்.

"அவசரமில்லீங்க, பனி விலகட்டும்" என்றார் கடைக்கார அக்கா.

விலகியது. கீழே சேலம் பளிச்சென்று தெரிந்தது. பொத்தானைத்தான் இன்னும் காணோம்.