கட்டணமா, கமிஷனா?

கேள்வி (கட்கி, புனே): குடும்ப நண்பரான முகவர் ஒரு ரூபாய்கூட வாங்காமல் மியூச்சுவல் ஃபண்டு யோசனை சொல்கிறார், புதிய ஆலோசகரோ கட்டணம் கேட்கிறார். இவர் பேராசைக்காரரா?

பதில்: கட்டணம் வாங்காத முகவர் எவரும் பட்டினி கிடப்பதில்லை. 'ரெகுலர்' திட்டங்களில், முதலீடு நீடிக்கும் வரை ஃபண்டு நிறுவனம் முகவருக்குத் தரும் கமிஷன், திட்டத்தின் செலவோடு சேர்ந்து முதலீட்டாளரின் பணத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. அதற்குத் தனி ரசீது வராததால் அது இலவசம் போலத் தோன்றுகிறது. பணம் போடும்போதே பிடிக்கப்பட்டுவந்த நுழைவுக் கட்டணத்தை, பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி 2009 ஆகஸ்டில் நீக்கியது. 2013 ஜனவரி முதல், கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. இரு வகைகளுக்கும் இடையே செலவில் ஆண்டுக்கு 1 சதவீத வேறுபாடு இருப்பதாகக் கொண்டால், 50 லட்சம் ரூபாய் முதலீடு செய்தவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறார். எனினும், சில ஆயிரங்களையே சேமித்தவருக்குக் கட்டண ஆலோசகரைவிட முகவரே மலிவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கோத்ரூட்): ஆலோசகர் வாங்கும் கட்டணத்திற்கு வரம்பு உண்டா?

பதில்: உண்டு. செபியின் 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர், நிலையான கட்டணமாயின் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேலும், ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தின் மதிப்பில் கணக்கிட்டால் 2.5 சதவீதத்திற்கு மேலும் பெற இயலாது. ஒரே குடும்பத்திடம் கட்டணமும் பெற்று, விற்பனைக் கமிஷனும் பெறுவதற்கு விதி இடம் தரவில்லை. கணவருக்கு ஆலோசனை, அவரைச் சார்ந்திருக்கும் மனைவிக்கு விற்பனை என்ற சாமர்த்தியமும் செல்லாது.

கேள்வி (சதாசிவப் பேட்டை): ஓய்வூதியப் பணம் முழுவதும் கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. ஆலோசகர் எதற்கு?

பதில்: புனேயில் இக்கேள்விக்கு விடை சொல்ல ரூபீ கூட்டுறவு வங்கியின் வரலாறே போதும். 1912இல் தொடங்கப்பட்ட அவ்வங்கியின் மீது ரிசர்வ் வங்கி 2013இல் கட்டுப்பாடுகளை விதித்ததால், பணம் எடுப்பதற்கு உச்சவரம்பு வந்தது. 2022இல் உரிமமே ரத்தாயிற்று. வைப்புத்தொகைக் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் ஈடுசெய்யும். 2020 பிப்ரவரி வரை அது 1 லட்சமாகவே இருந்தது. அவ்வங்கியின் வைப்பாளர்களில் 99 சதவீதத்திற்கும் மேற்பட்டோர் முழுத்தொகையும் பெறத் தகுதி பெற்றவர்கள் என்று ரிசர்வ் வங்கி தெரிவித்தது உண்மையே. ஆனால் மகளின் திருமணமோ மருத்துவச் செலவோ ஒன்பது ஆண்டுகள் காத்திருப்பதில்லை. எந்தத் தொகையை எத்தனை இடங்களில் பிரித்து வைப்பது, எதை அவசரத்துக்கு ஒதுக்குவது என்பதை வகுப்பதே ஆலோசகரின் முதன்மைப் பணி. எந்தப் பங்கு ஏறும் என்று ஆரூடம் சொல்வது அன்று.

கேள்வி (ஔந்த்): ஆண்டுக்கு 18 சதவீதம் நிச்சயம் என்கிறாரே ஒருவர்?

பதில்: அவருக்கு நிச்சயம்.

கேள்வி (ராஸ்தா பேட்டை): உண்மையான ஆலோசகரை அடையாளம் காண்பது எப்படி?

பதில்: அவரது பதிவெண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். நேதாஜியின் படைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏ.ஆர்.என். எண் மட்டும் வைத்திருப்பவர் மியூச்சுவல் ஃபண்டு விற்பனையாளர். பதிவெண்ணைச் செபியின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற ஆலோசகர் தம் கட்டணத்தை ரொக்கமாகப் பெறக் கூடாது.