லயமும் லைனும்: கெடாத் தோட்டங்களில் ஒரு ரோமானிய நூல்

கெடாவுக்கும் ரோமாபுரிக்கும் உறவு தேடுகிறவர்கள் பூஜாங் பள்ளத்தாக்கைத் தோண்ட வேண்டியதில்லை. கூலிம், பாடாங் செராய், பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் ஒரு லயத்தைப் பார்த்தாலே போதும்.

லயம் என்றதும் தொடையில் தாளம் போடும் வித்துவான்கள் சற்று விலகி நிற்க. லத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. ரோமானியத் தச்சன் அந்த நூலைப் பிடித்து நேர் பார்த்தான், நூலே கோடாயிற்று. கோடு ஆங்கிலத்தில் ‘லைன்’ ஆகி, துரைமார் வாயிலிருந்து தோட்டத்தில் இறங்கி, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளானது. நம்மவர்கள் அதற்கொரு மகரம் ஒட்டி லயமாக்கிக்கொண்டார்கள். ரப்பர் மர வரிசைக்கு ‘நிரை’ என்று சொந்தச் சொல் இருந்தும் மனித வரிசைக்கு மட்டும் ஏன் கடன் வாங்கினோம்? வீட்டுக்குத் திட்டம் போட்டவன்தானே பெயரும் வைப்பான்!

லயத்தின் இலக்கணம் எளிது. நடுச்சுவர் கூரையைத் தொடக்கூடாது. கடைசி வீட்டில் மிளகாய் வறுத்தால் முதல் வீட்டில் தும்ம வேண்டும். ‘லயத்துப் பையன்’ என்பது வசையா பாராட்டா என்பது, சொல்கிறவர் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்பதைப் பொறுத்தது. ‘லயன் வீடு’ என்றும் சிலர் சொல்வதுண்டு. சிங்கத்துக்கு இதில் பங்கில்லை.

பிற்பாடு அதே ‘லீனும்’ வம்சம் இரண்டாம் முறையும் வந்தது, பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு. சுங்கை பட்டாணித் தையற்காரர் “லைனிங் வைக்கவா?” என்கிறார். பையன்கள் ‘லைன் கிளியர்’ என்றால் அப்பா வெளியே கிளம்பிவிட்டார் என்று பொருள். கைப்பேசி வந்த பிறகு லைன் என்பது கிடைக்கிற, அல்லது கிடைக்காத சரக்காகிவிட்டது. இரண்டு வருகையும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்வதைப் படியில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டியிடம் கேட்கலாம்: “லயத்துக்குள்ள லைன் கெடைக்காது தம்பி, ரோட்டுக்கு ஏறு.”

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் பல லயங்கள் காலியாயின. குடும்பங்கள் பட்டணத்துத் தாமானுக்குப் பெயர்ந்து ‘டெரஸ்’ வீடு வாங்கின. அதுவும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுதான். அந்தச் சொல்லும் மண்ணைக் குறிக்கும் ‘தெர்ரா’ என்ற லத்தீன் சொல்லின் பேத்திதான். இங்கே நடுச்சுவர் கூரைவரை போகிறது. லயத்தைத் தோட்டம் சும்மா கொடுத்தது. இதற்கு மாதாமாதம் பேங்குக்குக் கட்ட வேண்டும்.