ஓடிவருவோர் இயல்

1. பயணம்

தென்மாவட்டச் சிற்றூர்களில் ஒருநாள் சுற்றுலா என்பது, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதாகச் சொல்லி ஆறேகாலுக்குக் கிளம்பும் வேன் பயணம். சாரல் காலத்தில் குற்றாலம், மற்ற காலத்தில் திருச்செந்தூர். இரண்டுக்கும் ஒரே புளியோதரை. இதன் உறுப்புகள் ஐந்து: வேன், ஜமுக்காளம், தூக்குவாளி, வாந்திக்குப் பாலிதீன் பை, ‘நான் வரலப்பா’ என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் முன்னால் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட பெரியப்பா.

பன்னிரண்டு சீட்டு வேனில் பன்னிரண்டு பேர் போவது மரபன்று. மடியில் இருப்பது ஆளாகாது. நடுவழியில் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருப்பவர் மாமா பையன் ஆவாரே தவிரப் பயணி ஆகார். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கூடுதலாக ஏற்றும் ஆள் ஒன்றுக்கு 200 ரூபாய் அபராதம் என்கிறது. குடும்பங்கள் இதை டிக்கெட் விலை என்று பொருள் கொண்டுள்ளன. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதும் பாதுகாப்பு ஏற்பாடுகள் நிறைவுறும். சீட் பெல்ட் ஈரத் துண்டு காயப்போட உதவும்.

2. கவிழ்தல்

அருவியில் குளித்து, வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்பும் பிற்பகலில் வேனுக்குள் எல்லாரும் தூங்குவார்கள். முந்தைய இரவு சவாரி முடித்து நேராக வந்த டிரைவர் மட்டும் விதிவிலக்காக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அது பொய்க்கும்போது வேன் சாலையோரப் பள்ளத்தில் சாய்கிறது. பக்கத்து டீக்கடையில் இருக்கும் நம் இயலுக்கு உரியோர் அப்போது டீ கிளாஸைக் கீழே வைக்கிறார்கள்.

3. ஓடிவருவோர்

அரசனின் உயிருக்குத் தம் உயிரைப் பணயம் வைத்த ஆபத்துதவிகள் பாண்டியரிடம் இருந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இறந்த அரசனோடு தீயில் பாயும் மெய்க்காவலரைப் பற்றி எழுதியிருக்கிறார். டீக்கடையார்க்கு அவ்வளவு கடுமையான பணிவிதி இல்லை, சம்பளமும் இல்லை. அவர்கள் நால்வகைப்படுவர்.

கண்ணாடியை உடைத்து உள்ளே இறங்குபவர் முதல்வகை. ‘தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்’ என்று காற்றை மறித்து நின்றபடி கத்துபவர் இரண்டாம் வகை, இவரே பெரும்பான்மை. சோடா கொண்டுவருபவர் மூன்றாம் வகை. நான்காம் வகையினர் பெண்கள். அழும் குழந்தைகளைத் திண்ணையில் உட்காரவைத்து பன்னும் பாலும் கொடுப்பார்கள். சிதறிக் கிடக்கும் வளையல், செயின், பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி, மறுநாள் ஆள் வந்து கேட்கும்போது எண்ணிக் கொடுப்பார்கள். பேரிடர் மேலாண்மை நூல்களில் இந்தச் சம்படத்துக்கு இடமில்லை.

4. மருத்துவம்

இவர்களின் மருந்துப் பெட்டியில் இருப்பவை சோடா, சாவி, துண்டு. வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது தொல்மரபு. பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே நிற்கும். பெயர் சாவிக்குப் போகும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் சோடா நுரையீரலுக்குப் போகும். கையும் காலுமாக நால்வர் தூக்கினால், அதுவரை முறியாத முதுகெலும்புக்கும் வாய்ப்புக் கிடைக்கும். துண்டு ஒன்றே மருத்துவர்கள் ஏற்கும் கருவி: ரத்தம் வடியும் இடத்தில் மடித்துவைத்து அழுத்திப் பிடித்தால் உயிர் தங்கும். அதை மட்டும் தலையில் கட்டிக்கொள்கிறார்கள்.

5. சட்டம்

உதவப் போனவரைச் சாட்சியாக்கி ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலையவைப்பது நெடுநாள் வழக்கம். 2016-ல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு தந்தது. 2019 திருத்தம் 134ஏ என்ற பிரிவையே சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. இந்த இரண்டாவது சலுகை சிற்றூரில் செல்லாது. ‘நீ யாரு மவன்டா?’ என்று கேட்கும் பாட்டியை எந்தப் பிரிவும் கட்டுப்படுத்தவில்லை.

அடிபட்டவரை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 5,000 ரூபாய் என்று 2021-ல் ஒன்றிய அரசு அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்வழக்கில் வெகுமதி வேறு: பிழைத்த குடும்பம் மறுவருஷம் அதே சாலையில் போகும்போது இறங்கி, டீக்கடையார் எல்லாருக்கும் புளியோதரை கொடுக்கிறது. அந்த வேனிலும் ஸ்டூல் இருக்கிறது.

6. முடிபு

போகிறவர்கள் சீட்டை எண்ணி ஆளை ஏற்றுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டியவரைப் பகலில் ஓட்டச் சொல்லாதீர்கள். ஓடிவருகிறவர்கள் கூட்டத்தில் ஒருவரைக் கைகாட்டி ‘108-க்கு நீ போன் போடு’ என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் பத்துப் பேரும் அடுத்தவர் போட்டிருப்பார் என்று இருந்துவிடுவார்கள். வண்டி தீப்பற்றாதவரை அடிபட்டவரை இழுக்காதீர்கள். துண்டைத் தலையிலிருந்து அவிழுங்கள். சோடாவைக் கொண்டுவந்தவரே குடித்துக்கொள்ளலாம்.