டிக்கியில் பணம், டோரில் ஓட்டை

இந்த வாரம் முழுக்கக் கார் ஸ்டீரியோ கேள்விகள்தான். கேட்டவர்கள் சீட்டில் சாய்ந்து உட்காரலாம். வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், நான் பேச வேண்டும்.

கே: புதுக் காருக்கு ஸ்டீரியோ, ஆம்ப், ஊஃபர், நாலு ஸ்பீக்கர் என்று எழுபதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது? (திண்டுக்கல்)

ப: கதவில்.

முன்கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றச் சொல்லி ஒருமுறை எட்டிப் பாருங்கள். கண்ணாடி ஏறி இறங்க ஒன்று, பூட்டுக் கம்பி போக ஒன்று என்று கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் அந்த ஓட்டை வழியே சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முதல் பலி பேஸ்.

ஓட்டைகளை அடைத்து, தகரத்தில் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்தி, ஸ்பீக்கரை ஆடாத வளையத்தில் பூட்டுங்கள். எம்.டி.எஃப். வளையம் என்றால் பெயிண்ட் அடித்துப் போடுங்கள், மழை பட்டால் ஊதிவிடும். பல கார்களில் கம்பெனி ஸ்பீக்கரே இதற்குப் பிறகுதான் வாயைத் திறக்கும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அதை அடைத்தால் பாட்டு நன்றாக இருக்கும், கதவு இருக்காது.

கே: ஸ்டீரியோ பெட்டியில் 4 × 50 வாட்ஸ் என்று போட்டிருக்கிறதே, தனியாக ஆம்ப் எதற்கு? (விருதுநகர்)

ப: செட்டைத் திருப்பிப் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14 வோல்ட். பெருக்கினால் 140 வாட். உள்ளே போவதே 140 என்றால் வெளியே 200 எங்கிருந்து வரும்? சேனலுக்குத் தொடர்ந்து கிடைப்பது 15 முதல் 20 வாட் வரைதான். பெட்டி என்ன வேண்டுமானாலும் பேசும், ஃபியூஸ் கணக்குத்தான் பேசும்.

கே: கடைக்காரர் 1200 வாட் என்கிறார். நம்பலாமா? (ஆரணி)

ப: ‘ஆர்.எம்.எஸ். எத்தனை?’, அதாவது தொடர்ந்து தரும் வாட் எத்தனை என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பேச்சை மாற்றினால் பதில் கிடைத்துவிட்டது.

கே: 50 வாட் ஆம்பை எடுத்துவிட்டு 100 வாட் போட்டால் சத்தம் இரண்டு மடங்கு ஆகுமா? (நெய்வேலி)

ப: 3 டெசிபல் கூடும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு பவர். உங்களுக்கு 500 வாட்.

இன்னொரு வழி சொல்கிறேன். ஸ்பீக்கரின் சென்ஸிட்டிவிட்டி 87 டெசிபலுக்குப் பதில் 90 இருந்தால் அதே 3 டெசிபல், ஆம்பைத் தொடாமலே வந்துவிடும். அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தைப் படிப்பவர் பெரிய எழுத்துக்குக் காசு கொடுப்பதில்லை.

கே: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரிலும் ‘ஙொய்ய்ங்’ என்று சுருதி ஏறுகிறது. (கரூர்)

ப: பாடுவது உங்கள் ஆல்டர்னேட்டர். ஸ்டீரியோவுக்கு டாஷ்போர்டில் ஒரு எர்த், ஆம்புக்கு டிக்கியில் ஒரு எர்த். இரண்டுக்கும் நடுவே ஒரு துளி வோல்டேஜ் வித்தியாசம் இருந்தாலும் அது ஆர்.சி.ஏ. கேபிளின் வெளிச்சுற்று வழியே உள்ளே வந்து உட்காரும்.

ஆம்பின் எர்த் வயரைக் கழற்றுங்கள். போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கும், பந்தயம். உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, வயரை ஒன்றரை அடிக்குள் முடித்து இறுக்குங்கள். பவர் வயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறு பக்கம் ஓடட்டும். சீட் பெல்ட் போல்ட் கைக்கு எட்டுகிறது என்று அதில் எர்த் கொடுக்கும் ஆட்கள் உண்டு. அவர் கையைத் தட்டிவிடுங்கள். அது உங்கள் உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்.

கே: பவர் வயர் ஒரு கடையில் பாதி விலை. பார்க்கவும் நல்ல தடிமன். வாங்கலாமா? (ஓசூர்)

ப: நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம். அதே தடிமன் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். சில வயரில் தடிமன் முழுக்க ரப்பரில்.

கூடவே நீங்கள் கேட்காத ஒன்று. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அது வயருக்கான காவல். பானெட்டின் தகர விளிம்பில் வயர் உரசி ரப்பர் கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விளையாட்டுப் பேச்சு கிடையாது. ஃபியூஸ் இல்லாமல் ஒருவர் வயர் இழுத்துக் கொடுத்தால், அங்கேயே நின்று போடச் சொல்லி, போட்ட பிறகு வண்டியை எடுங்கள்.

கே: பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. 1 ஃபேரட் கெப்பாசிட்டர் போடச் சொல்கிறார்கள். (நாமக்கல்)

ப: கணக்குப் போடுவோம். 14 வோல்ட்டில் அந்த டப்பாவுக்குள் இருப்பது 98 ஜூல். வோல்டேஜ் 12-க்கு இறங்குவதற்குள் அது தரக்கூடியது 26 ஜூல். 500 வாட் கேட்கும் ஆம்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்கு வரும். பிறகு டப்பாவை நிரப்ப வேண்டியதும் அதே ஆல்டர்னேட்டர்.

பேட்டரி வயதைப் பாருங்கள். பேட்டரிக்கும் பாடிக்கும், பாடிக்கும் என்ஜினுக்கும் ஓடும் எர்த் கேபிள்களைத் தடிமனாக்குங்கள். டப்பாவுக்கு வைத்த காசில் மிச்சமும் இருக்கும்.

கே: ஊஃபருக்கு மூடிய பெட்டியா, போர்ட் வைத்த பெட்டியா? (பொள்ளாச்சி)

ப: ஊஃபரையே கேளுங்கள். கூட வரும் தாளில் எஃப்.எஸ். என்று ஒரு எண், க்யூ.இ.எஸ். என்று ஒரு எண். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 50-ஐ ஒட்டி வந்தால் மூடிய பெட்டி, 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட். நடுவில் வந்தால் உங்கள் இஷ்டம்.

பெட்டியைக் கண்மதிப்பில் அறுத்த காலம் ஒன்று உண்டு. 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் அதைக் கணக்காக்கினார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் சிட்னியில் உட்கார்ந்து அதை முழுமையாக்கினார். இன்று உலகத்தில் எந்த ஊஃபர் தாளைப் பிரித்தாலும் இந்த இருவர் பெயரில் வழங்கும் எண்கள்தான். அப்படியிருந்தும் ஊஃபரின் மாடல் நம்பர்கூடக் கேட்காமல் பிளைவுட்டை அறுக்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே ரம்பச் சத்தம் கேட்டதும் கிளம்பிவிடுங்கள்.

காரில் ஒரு வசதி: சின்ன கேபினில் சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே காரே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். அதனால் மூடிய பெட்டி வீட்டைவிடக் காரில் நன்றாகப் பாடும். மிருதங்கத்தின் தொப்பி தெளிவாகக் கேட்க வேண்டுமா, மூடியது. நீங்கள் வருவது தெருமுனைக்குத் தெரிய வேண்டுமா, போர்ட்.

கே: 4 ஓம் ஊஃபர் இரண்டு வைத்திருக்கிறேன். எப்படிச் சேர்ப்பது? (காரைக்குடி)

ப: பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் 2 ஓம், ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் 8. ‘குறைந்தது 4 ஓம்’ என்று எழுதியிருக்கும் ஆம்பில் 2 ஓம் மாட்டினால் கிடைப்பது பேஸ் அல்ல, வாசனை.

கே: ஊஃபர் அதிர்கிறது, ஆனால் டிரைவர் சீட்டில் பேஸ் காணோம். (தூத்துக்குடி)

ப: ஊஃபரின் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எது பலமோ அது சரி. பிறகு கதவு ஸ்பீக்கர்களையும் சோதியுங்கள். ஆம்பிலிருந்து வயரைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் அதில் தொடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட வயர்தான் பிளஸ். இடது கதவு வெளியே வரும்போது வலது உள்ளே போனால், உங்கள் பேஸ் எங்கே போனது என்று தெரிந்துவிடும்.

கே: ஆம்பின் கெயினை மெக்கானிக் ஃபுல்லாகத் திருப்பிவிட்டார். சரியா? (கும்பகோணம்)

ப: கெயின் என்பது வால்யூம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். ஈக்வலைசர் ஃப்ளாட், ஸ்டீரியோ வால்யூம் முக்கால். ஊஃபர் வயரைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஆம்பின் வெளிமுனையில் பிடியுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம்: 100 வாட், 4 ஓம் என்றால் 400, அதற்கு 20. கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகத் திருப்பி, மீட்டர் 20 காட்டியதும் கையை எடுங்கள்.

அதற்கு மேல் போனால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். அதற்குப் பெயர் கிளிப்பிங். கோன் நகர்வதைவிட காயில் சூடாவது அதிகம். மூச்சு முட்ட முறுக்கிய சின்ன ஆம்பும் நல்ல ட்வீட்டரைக் கருக்கும்.

கே: பாடகி என் வலது முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து பாடுகிறார். மேடை எங்கே? (சேலம்)

ப: நம் ஊர் ஸ்டீயரிங் வலது பக்கம், வலது ஸ்பீக்கரும் உங்கள் பக்கம். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். வலது கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து 80 சென்டிமீட்டர், இடது 130 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 50. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். ஆக வலது ஸ்பீக்கர் சுமார் 1.5 மில்லி நொடி முந்திக்கொள்கிறது. முதலில் வருபவரையே காது நம்பும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949-இல் தம் ஆய்வேட்டில் காட்டிய விஷயம் இது.

டி.எஸ்.பி. என்னும் டிஜிட்டல் ஒலிச் செயலியில் வலது ஸ்பீக்கருக்கு அந்த 1.5 மில்லி நொடியைத் தாமதமாகக் கொடுங்கள். ட்வீட்டருக்கும் ஊஃபருக்கும் தனித்தனியாக அளந்து கொடுங்கள். முந்துபவரைக் காக்க வைப்பதுதான் டைம் அலைன்மென்ட்.

சரியாக வந்ததா என்று பார்க்க 1960-களின் எம்.எஸ்.வி. பாட்டு ஒன்று போடுங்கள். அது மோனோ. இடமும் வலமும் ஒன்றே. ஆகவே டி.எம்.எஸ். டாஷ்போர்டின் நட்ட நடுவில், விரல் வைத்துக் காட்டும்படி நிற்க வேண்டும். ஏ.சி. வென்ட்டுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் இன்னும் ஒரு துளி தாமதம். பிறகு கண்ணாடி வழியே ரோட்டைப் பாருங்கள்: பானெட்டுக்கு மேலே ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு கணத்துக்காகவே இத்தனை வயரும்.

கே: மேலே கேட்டவரின் மனைவி நான். அவர் ட்யூன் பண்ணியதிலிருந்து என் சீட்டில் பாட்டே கெட்டுவிட்டது. (சேலம்)

ப: உங்கள் புகார் நியாயம். டைம் அலைன்மென்ட் ஒரு சீட்டுக்குத்தான். இடது பக்கம் இருப்பவருக்கு இருந்த கோணல் இரட்டிப்பாகும். பெரும்பாலான டி.எஸ்.பி.யில் பல ப்ரீசெட் உண்டு. முதலாவது அவருக்கு, இரண்டாவது தாமதம் எதுவும் இல்லாமல் இருவருக்கும். அவர் சம்மதிக்காவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு நீங்கள் ஓட்டுங்கள்.

கே: ஈக்வலைசரில் ஏற்றுவது நல்லதா, இறக்குவது நல்லதா? (புதுச்சேரி)

ப: இறக்குவது. துருத்திக்கொண்டு நிற்பதைத் தட்டினால் மற்றது தானாகக் கேட்கும். சில இடங்களில் சத்தம் பள்ளமாக இருக்கும்: நேராக வரும் ஒலியும் முன்கண்ணாடியில் பட்டு வரும் ஒலியும் மோதி அழிந்த இடம். அங்கே நீங்கள் ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், மறுபடி அழியும். மிச்சம் ஆம்பின் சூடு.

கே: காரில் முதன்முதலில் பாட்டு வைத்தது யார்? (சிவகாசி)

ப: முதல் ஆள் யார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பால் கால்வினின் கம்பெனி 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் டாஷ்போர்டுக்குக் கீழே ரெக்கார்ட் பிளேயரே வைத்தார்கள். நம் ஊராக இருந்தால் முதல் ஸ்பீட் பிரேக்கரில் பல்லவியிலிருந்து நேராகச் சரணம்.

கே: ஒரு லட்சம் செலவழித்தும் பாட்டு கரகரக்கிறது. பாட்டெல்லாம் வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியது. (ராணிப்பேட்டை)

ப: கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நண்பரை வைத்துக்கொள்ளுங்கள், ஃபைலை மாற்றுங்கள்.

கே: அரை மணி நேரம் ஃபுல் வால்யூமில் கேட்டு இறங்கினால் காதில் ரீங்காரம். சில மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. (திருப்பூர்)

ப: சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், தம்பி. அமெரிக்காவின் நயோஷ் அமைப்பு சொல்லும் அளவு: 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். ஊஃபர் வைத்த கார் 100-ஐச் சிரமப்படாமல் தாண்டும். கிழிந்த ஸ்பீக்கரை ரீகோன் செய்ய ஊருக்கு ஊர் கடை உண்டு. உட்செவியின் நுண்மயிர் செல் ஒருமுறை செத்தால் முளைப்பதில்லை.

கே: ஜி.பி. ரோடு கடையில் டெமோ போர்டில் பிரமாதமாகக் கேட்ட ஸ்பீக்கர், காரில் மாட்டியதும் மந்தமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (தாம்பரம்)

ப: ஏமாற்றியது போர்டு. கனமான பலகை, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நின்ற நீங்கள், மோதித் திரும்ப முன்கண்ணாடி இல்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட உங்கள் காரில் கிடையாது. முதல் பதிலுக்குத் திரும்பிப் போய்க் கதவைப் பாருங்கள்.

அடுத்த முறை உங்கள் பாட்டை, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில், இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தம் அதிகமாக வைத்த ஸ்பீக்கர் எப்போதும் நல்ல ஸ்பீக்கராகத்தான் தெரியும். ‘என் பாட்டைப் போடுகிறேன், கேளுங்கள் சார்’ என்று கடைக்காரர் பென்டிரைவை எடுத்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.