முள் ஆடிய மெஷின்

எழுபதுகளில் இரத்மலானையில் ஒரு புது மெஷின் பழுதோடு வந்து இறங்கினால், அதைத் திருப்பி அனுப்பலாம் என்ற எண்ணமே எவருக்கும் வராது. திருப்பி எங்கே அனுப்புவது? இறக்குமதி அனுமதிக்கு அலைந்து, 1968இல் வந்த அந்நியச் செலாவணிச் சான்றிதழுக்கு மேலதிகமாகப் பணம் கட்டி, துறைமுகத்தில் காத்துக் கிடந்து எடுத்த மெஷின் அது. கோணலோ குருடோ, இனி அது எங்கள் பிள்ளைதான்.

அந்த நாளில் நான் வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் வந்து அங்கே தொழில் பழகினேன். எங்கள் பட்டறைக்குத் தலைமை வேலையாள், ரயில்வேப் பட்டறையில் கை தேறிய ஒரு பெரியவர். கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார். சிங்களவர், தமிழர் எல்லோருக்கும் அவர் ‘பாஸ்’.

ஒருமுறை கப்பலில் வந்த புது லேத் கடைந்த தண்டெல்லாம் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வந்தன. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். பாஸ் மெஷினைத் தொடவில்லை, தரையைத்தான் பார்த்தார். லேத்தின் நீண்ட இரும்புப் படுக்கை நேராக இருப்பதுபோலத் தோன்றினாலும், சமமில்லாத கொங்கிரீட்டில் வைத்து போல்ட்டை இறுக்கினால் கண்ணுக்குத் தெரியாமல் முறுகும். முறுகினால் வெட்டும் உளி தண்டுக்கு நேர்கோட்டில் ஓடாது. ஸ்பிரிட் லெவலைக் குறுக்கே வைத்து இரு முனையிலும் குமிழியைப் பார்த்தார். போல்ட்டுகளைத் தளர்த்தி, அடியில் மெல்லிய பித்தளைத் தகடுகளைச் செருகி, ஓர் இரவு அப்படியே விட்டு மறுநாள் மீண்டும் பார்த்தார். பாதிக் குற்றம் அதிலேயே போயிற்று.

மீதிக்கு நீல மை பூசி, மேடு தெரிந்த இடத்தைக் கைச்சுரண்டியால் சுரண்டினார். மை பூசு, பொருத்திப் பார், சுரண்டு, திரும்பவும் மை பூசு. பல வாரங்கள் அதே வேலை. “தம்பி, மெஷின் சொல்லுறதை முதல்ல கேள். பிறகு ஸ்பனரை எடு” என்பார். கடைசியில் அந்த லேத், தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்ததைவிடத் துல்லியமானதாக ஆகியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. செலாவணிச் சான்றிதழ் போயிற்று, புது மெஷின்கள் வரிசையாக வந்தன, பழுதானால் பஞ்சிகாவத்தையில் பாகம் கிடைத்தது. ஆனால் எங்கள் பட்டறை உண்மையில் ஏழையானது 1983 ஜூலைக் கலவரத்தில். வீடெரிந்த தமிழர்கள் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையில் அகதிகளாகக் கிடந்தார்கள். பாஸும் அங்கேதான் இருந்தார். பிறகு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார், திரும்பி வரவில்லை. மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். அந்தக் கைகள் போனதற்கு ஈடாக எதை இறக்குமதி செய்வது? நீல மையும் சுரண்டியும் அலுமாரியில் கிடந்தன. பழுது வந்தால் புதிது வாங்குவோம் என்று இளையவர்கள் பழகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கவில்லை.

இப்போது பட்டறை என் மருமகன் கையில். 2022 ஜனவரியில் ஒரு புது லேத் எடுத்தான். பெப்ரவரியில் அதே பழைய குற்றம்: முனை தடித்து, முனை மெலிந்து.

“மாமா, கழட்டிப் பாப்பமா, இல்லாட்டித் திருப்பிக் குடுப்பமா?”

“ரெண்டும் வேண்டாம். முதல்ல அளந்து பார்” என்றேன்.

மின்வெட்டுக்கு நடுவே வேலை நடந்தது. லெவல் வைத்ததும் படுக்கையின் முறுக்கு தெரிந்தது. அது எங்கள் தரையின் குற்றம், தகடு வைத்து எடுத்துவிட்டோம். அடுத்து டயல் கேஜை ஸ்பின்டில் வாயில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினோம். முள் ஆடியது. எத்தனை தகடு வைத்தாலும் நிற்காத ஆட்டம். பெயாரிங், அல்லது அது இருக்கும் குழி. அது விற்றவர் குற்றம்.

மருமகன் ஸ்பனரை எடுத்துவிட்டான். நான் தடுத்தேன். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வாங்கியவர் பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் உண்டு. ஒப்பந்தப்படி இல்லாவிட்டால், ஏற்கவில்லை என்று அறிவித்தாலே போதும், தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சொந்தப் பொருளைப்போல் கழற்றி மாற்றினாலோ, பேசாமல் நாளைக் கடத்தினாலோ, ஏற்றுக்கொண்டதாகிவிடும். பிறகு நட்டஈடுதான் கேட்கலாம். அன்று பாஸுக்குப் பெருமை சேர்த்த அதே சுரண்டல், இன்று எங்கள் உரிமையைச் சுரண்டிவிடும். கடிதம் எழுதினோம், அளவுகளோடு.

விற்றவர்கள் பதில் சொல்லத் தாமதித்தார்கள். அதற்குள் மார்ச் பிறந்தது. மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. டொலருக்கு 200 ரூபாவையொட்டி நின்ற மதிப்பு மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் இறுதியிலேயே நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. இப்போது அவர்கள் முகமலர்ச்சியோடு வந்தார்கள்: மெஷினைத் தாருங்கள், முழுப் பணத்தையும் தருகிறோம். அந்தப் பணத்தில் இனி அதே மெஷின் வராது. நாற்பத்தைந்து ஆண்டு திறந்திருந்த கதவு அடைபட்டு, நாங்கள் மறுபடியும் பாஸின் காலத்தில் நின்றோம்.

சட்டம் தந்த உரிமையை விட்டுவிட எனக்கு மனமில்லை, மெஷினை விட்டுவிடவும் மனமில்லை. பேசிப் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். பெயாரிங் அவர்கள் செலவு. அவர்களுடைய ஆள் பக்கத்தில் நிற்க, பூட்டுவது நாங்கள். இவ்வளவுக்கும் உடனே சரி என்றார்கள். பூட்டிய பிறகும் முள் ஆடினால், அன்றைய விலை எதுவானாலும், இதற்குப் பதில் இன்னொரு மெஷின் தரவேண்டும் என்ற வரியில்தான் மல்லுக்கட்டு நடந்தது. அந்த வரியை மருமகன் தன் கையாலேயே எழுதினான். அவர்கள் கையொப்பமிடும்வரை பெயாரிங் பெட்டியைப் பிரிக்க நான் விடவில்லை.