வெறும் மானா கண்ணு?

ஏங்கண்ணு, தெப்பக்காட்டுல வனத்துறை வேன் ஏறி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்தியாமா? என்ன பாத்தேன்னா, "ஒண்ணுமே இல்லீங்க தாத்தா, வெறும் மானுதான்"ங்கறே. முதுமலைய 1940லயே சரணாலயமாக்கிட்டாங்க. 2007ல புலிகள் காப்பகம்னு பலகை மாட்டுனாங்க. அந்தப் பலகையப் படிச்ச நாள்ல இருந்து உங்களுக்கெல்லாம் ஒரே நெனப்பு. கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கறவனாட்டம் புலி பன்னீர்ச் சொம்போட நின்னு வரவேக்கோணும்.

அதென்ன சட்டை? இலையும் தழையுமா அச்சடிச்சு, எட்டுப் பாக்கெட்டு வெச்சு. மான் கண்ணுல படாம ஒளியறதுக்கா? மானுக்குச் செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது சாமி. அதனாலதான் புலி அத்தனை செம்மஞ்சளப் பூசிக்கிட்டுப் புல்லுக்குள்ள படுத்தாலும் மானுக்கு அது புல்லாவே தோணுது. கண்ணுல கொறைஞ்சத மூக்குலயும் காதுலயும் சேத்துக் குடுத்திருக்கான் ஆண்டவன். நீ சட்டைய மாட்டிட்டு அதுமேல அரைப் பாட்டில் செண்டு அடிச்சே பாரு, மாயாத்துக்கு அக்கட்டால நின்ன கடமானுக்கே நீ வந்த சேதி போயிருக்கும்.

சரி, அந்த வெறும் மானு எங்க மேஞ்சுது? மேல அண்ணாந்து பாத்தியா? மரத்துல கருமூஞ்சி மந்தி இருந்திருக்குமே. அது ஒரு ஊதாரி. கொழுந்தையும் காயையும் பாதி தின்னும், பாதியக் கீழ போடும். புள்ளிமான் அதைப் பொறுக்கித் தின்னும். அது சும்மா கெடைக்கற சோறில்ல. மந்திக்கு ஒசரத்துல இருந்து தூரம் தெரியும், மானுக்குக் கீழ வாசம் தெரியும். யாரு மொதல்ல கண்டாலும் கத்திப்போடுவாங்க, ரண்டு சாதியும் தப்பிச்சுக்கும். பத்திரமும் இல்ல, சாட்சிக் கையெழுத்தும் இல்ல. மந்தி மேல கத்தி, மான் வால நிமித்தி முன்னங்கால நெலத்துல தட்டுனா, புலியோ சிறுத்தையோ பக்கத்துலதான். அந்நேரம் நீ என்ன பண்ணியிருப்பே? பக்கத்துச் சீட்டுக்காரனுக்குப் போன்ல புலி வீடியோ காட்டியிருப்பே.

ரோட்டோரம் நாலு செவலை நாயி போச்சுன்னியே, ஊர்நாயின்னா நெனச்சே? செந்நாய் கண்ணு! நம்ம நாயாட்டம் அது கொரைச்சுக்கிட்டு அலையாது, சீட்டியடிக்கும். காட்டுக்குள்ள கூட்டம் கலைஞ்சுதுன்னா சீட்டியிலயே கூப்புட்டுச் சேந்துக்கும். வேட்டை விழுந்தா குட்டிகளுக்குத்தான் மொதப் பந்தி, பெரிசுக பொறவுதான். நம்மூரு விருந்துல மொதப் பந்திக்குத் துண்டு போட்டு எடம் புடிக்கறது யாருன்னு நான் சொல்லோணுமா?

யானைக்கும் உன்ற போன்ல ஒரு கதை ஓடுதாமா, கொம்பன்தான் கூட்டத்துக்கு ராசான்னு. அடப்போ! கூட்டத்த நடத்தறது மூத்த கெழவி. ஆம்பளப் பய வயசுக்கு வந்தா வெளிய போயி, தனியாவோ சோட்டுப் பசங்களோடவோ திரிய வேண்டியதுதான்.

கரடியப் பாத்திருந்தீனா ஒரு சமாச்சாரம் சொல்லியிருப்பேன். பாக்கலைன்னாலும் சொல்றேன். அதுக்கு மேல்வாயில நடு முன்பல்லு ரண்டும் கெடையாது. புத்தை நகத்துல கிண்டி, மண்ணை ஊதித் தள்ளி, மூக்கை அடைச்சுக்கிட்டு அந்தச் சந்து வழியாக் கரையான உறிஞ்சும். குட்டிக ஆத்தா முதுகுல சவாரி போகும். அழகா இருக்குதேன்னு கிட்டப் போயிப்போடாதே. திடுக்குன்னு மனுசன் எதுக்க வந்தா அது மூஞ்சியத்தான் பிறாண்டும்.

அதெல்லாம் போகட்டும். மசினகுடி ரோட்டுல வண்டிய நிறுத்தி நாட்டுக்கொரங்குக்கு சிப்ஸ் போட்டியாமே? அடுத்த கொரங்கு வந்து பையோட புடுங்கிட்டுப் போனதும் திருட்டுக் கொரங்குன்னு வெஞ்சியாமே? பையக் காணோம்னு புகார் கிகார் குடுக்கப் போயிராத கண்ணு. காட்டு உசுருக்குத் தீனி போட்டதுக்கு உனக்குத்தான் அபராதம் எழுதுவாங்க.